ஐந்தாவது கணினி

மார்ச் 3

தம்பிக்கு,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்கிற உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்கேன் சென்டரில் எல்லாப் படங்களையும் சேர்த்து வைக்கிற சர்வர் படுத்துவிட்டது. முழுவதும் படுக்கவில்லை, இழுத்துக்கொண்டு கிடக்கிறது. ஒரு பெண்ணின் பழைய மார்பகப் படத்தைத் திறக்க நான்கு நிமிடம் ஆகிறது. புதுப்படத்தையும் பழையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் என்னால் எதையும் சொல்ல முடியும் என்பது உனக்குத் தெரியும். வெளியே பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே ஸ்கேன் அறையில் நான் திரையில் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு கையைப் பிசைகிறேன்.

இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவர் சர்வரைத் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் பழசு, தூக்கிப்போட்டுப் புதிது வாங்குங்கள் என்றார். இன்னொருவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எதையோ மாற்றினார். மறுநாள் இன்னும் மோசமானது. இங்கே வேலை பார்த்தபோது நீ இழுத்த வயர்களும் கணினிகளுக்கு நீ வைத்த பெயர்களும் இருவருக்குமே பிடிபடவில்லை.

போன் செய்தால் எடுக்கமாட்டாய். எடுத்தாலும் நான் உத்தரவு போடுகிற குரலில் பேசித் தொலைப்பேன். எழுதினால் அந்தக் குரலை அடித்துவிட்டுத் திருப்பி எழுதலாம். இந்தக் கடிதத்தையே மூன்றாவது தடவை எழுதுகிறேன்.

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடிதமே இருக்கட்டும், போன் வேண்டாம்.

புதிதாக எதையும் வாங்காதே. எதையும் மாற்றாதே. இனி யாரையும் கூப்பிட்டு அதைத் தட்ட விடாதே.

நோயாளி ஒருவர் வந்து "உடம்பு சரியில்ல டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் நீ என்ன செய்வாய்? எங்கே வலி, எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் என்று கேட்பாய். நீ எனக்கு எழுதியிருப்பதும் "சரியில்ல" என்பது மட்டும்தான்.

ஒரு நோட்டு வாங்கு. ஒரு வாரம், காலை முதல் மாலை வரை, யார் படம் திறந்தாலும் நேரத்தையும், எந்தக் கணினி என்பதையும், திறக்க எத்தனை விநாடி ஆனது என்பதையும் எழுதட்டும். படம் எடுக்கிற நெட்டையரிடம் கொடு. அவர் கையெழுத்து எனக்குப் புரியும்.

நான் துறைமுகத்தில்தான் இருக்கிறேன். சரக்குப் பதிவு அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. உடம்பு நன்றாக இருக்கிறது. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

தம்பி

மார்ச் 17

தம்பிக்கு,

நோட்டின் பக்கங்களைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். நெட்டையர் நீ கேட்டதற்கும் மேலே போய், திறக்கும்வரை யார் யாரைத் திட்டினார்கள் என்று தனியாக ஒரு பத்தி போட்டிருக்கிறார். அதில் என் பெயர்தான் அதிகம். பார்த்துச் சிரித்துக்கொள்.

காலையில் கதவைத் திறந்ததும் கொஞ்சம் பரவாயில்லை. ஒன்பது மணிக்கு இழுக்க ஆரம்பித்தால் மாலைவரை அப்படியே போகிறது. வரவேற்பு, எக்ஸ்ரே அறை, ஸ்கேன் அறை, அறிக்கை தட்டச்சு செய்கிற மேசை எல்லாம் ஒரே மாதிரிதான். ஒரு படம் இரண்டரை நிமிடத்துக்குக் கீழே வந்ததே இல்லை. ஜனவரியில் புது மார்பக எக்ஸ்ரே இயந்திரம் வாங்கினோம். அதன் படங்கள் மிகப் பெரியவை. அதனால் இருக்குமோ?

உன் உடம்பைப் பற்றிக் கேட்க நினைத்தேன். எழுதி அடித்துவிட்டேன். அவ்வளவுதான்.

அக்கா

மார்ச் 22

அக்காவுக்கு,

எல்லா அறையும் ஒரே மாதிரி இழுக்கிறது என்றால் அறைகளில் குற்றம் இல்லை. எல்லோரும் ஒரே வாசலில்தான் நுழைகிறார்கள். அந்த வாசலைப் பார்.

மாடிப்படிக்குக் கீழே எல்லா வயரும் வந்து சேருகிற சின்னப் பெட்டி இருக்கிறது. சர்வரிலிருந்து வருவது முதல் துளையில் இருக்கும். மேலே ஒரு விளக்கு எரியும். பச்சையா, ஆரஞ்சா என்று பார். பச்சை என்றால் நல்லது. ஆரஞ்சு என்றால் அந்த வழி பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் போகிறது. வயருக்குள் எட்டு இழைகள் உண்டு. ஒன்று நைந்தாலும் மீதியை வைத்துக்கொண்டு எப்படியோ ஓட்டிவிடும், நின்று போகாது. அதனால் யாருக்கும் தெரியாது.

ஆரஞ்சு என்றால் வயரைக் கையில் பிடித்துக்கொண்டே சர்வர் வரைக்கும் போ. கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் தடவிக்கொண்டு போகவேண்டும்.

அதோடு, சர்வரின் திரையில் எந்தக் கணினி எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். மணி பத்தேகாலுக்கு அதைப் பார்த்து, அப்படியே எழுதி அனுப்பு. அந்தப் பட்டியலுக்கு எப்படிப் போவது என்று தனித்தாளில் வரைந்திருக்கிறேன்.

தம்பி

மார்ச் 29

தம்பிக்கு,

ஆரஞ்சு.

நானே குனிந்து தடவிக்கொண்டு போனேன். ஜனவரியில் பழைய பதிவேடுகளுக்காக ஓர் இரும்பு அலமாரி வாங்கி நடைவழியில் போட்டோம். அதன் பின்கால் வயர்மேல் நின்றிருக்கிறது. இரண்டு பேர் தூக்கினார்கள். அடியில் வயர் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. புது வயர் போட்டதும் விளக்கு பச்சையானது. அடுத்த படம் ஆறு விநாடியில் திறந்தது. நெட்டையர் அந்த எண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டார்.

முழுவதும் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு மணி நேரமும் தொடங்கும்போது மறுபடி இழுக்கிறது, ஒன்றரை நிமிடம், சில சமயம் இரண்டு. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தானாகவே சரியாகிறது. இதுவே போதும் என்று நினைக்கிறேன். பட்டியல் இனித் தேவைப்படாது, அதனால் அனுப்பவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், வேறு யாரிடமும் சொல்லவில்லை. மார்ச் பன்னிரண்டாம் தேதி ஒரு பெண்ணின் பழைய படம் திறக்கவே இல்லை. வெளியே கூட்டம். புதுப்படத்தை மட்டும் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று முழுக்க அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன் பழையதைத் திறந்து பார்த்தேன். போன வருடம் அந்த இடத்தில் எதுவுமே இல்லை. இப்போது கடுகளவு ஒரு புள்ளி. உடனே கூப்பிட்டனுப்பினேன். சிகிச்சை தொடங்கிவிட்டது, பிழைத்துக்கொள்வார். என் கையெழுத்து பதினெட்டு மணி நேரம் அந்தத் தாளில் பொய்யாக இருந்தது.

அக்கா

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

அந்தப் பெண் பிழைத்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறாயே, அதை நான்கைந்து தடவை படித்தேன்.

ஆனால் இது போதாது. மணிக்கொரு தரம், சொல்லி வைத்த மாதிரி இழுக்கிறது என்றால் அது பழுது இல்லை. யாரோ ஏவிவிட்ட வேலை அது. எங்கேயோ ஒரு கணினி, மணி அடித்ததும் சர்வரைப் பிடித்து உலுக்குகிறது.

நோட்டுப் பக்கங்களை மறுபடி விரித்து வைத்துப் பார்த்தேன். முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். நம் சென்டரில் ஐந்து கணினிகள். நோட்டில் நான்குதான் இருக்கின்றன. நெட்டையர் யார் திட்டினார்கள் என்பதுவரை எழுதுகிறவர், ஓர் அறையை மறக்கமாட்டார். அந்த அறைக்குள் போகவேண்டாம் என்று யாராவது சொல்லியிருந்தால்தான் விட்டிருப்பார்.

நான் கேட்ட பட்டியலும் வரவில்லை.

உன் அறையில் என்ன ஓடுகிறது, அக்கா?

தம்பி

ஏப்ரல் 10

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் அதை மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தேன்.

என் அறையில் நான்கு ஹார்ட் டிஸ்குகள் இருக்கின்றன. மணிக்கொரு தடவை சர்வரில் இருக்கிற எல்லாப் படங்களையும் அந்த நான்கிலும் பிரதி எடுக்கிறேன். புதியதை மட்டும் எடுத்தால் போதும் என்று கணினி கேட்கும். வேண்டாம், எல்லாவற்றையும் எடு என்று வைத்திருக்கிறேன். முதலில் ஒரு டிஸ்கில் ஆரம்பித்தேன். ஒன்று கெட்டுவிட்டால் என்ன செய்வது என்று இரண்டாவது. அப்படியே நான்காகிவிட்டது. கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் வைத்துக்கொள்கிறேன். அறைக்குள் யாரும் வரவேண்டாம் என்று நெட்டையரிடம் சொன்னதும் உண்மை.

இதை மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் சர்வரின் டிஸ்க் எரிந்தபோது, நான்கு வருடப் படங்கள் போயின. பிரதி எடுத்து வைக்கிற பேக்கப் டிஸ்கில் இருக்கும் என்று போனால், அதன் பிளக்கே சுவரில் இல்லை. பதினொரு நாளாக அது ஓடவே இல்லை. அதற்குச் சில நாள் முன்புதான் வாங்கிய புது டிஸ்க் என்பதால் பழைய படங்களும் அதில் ஏறியிருக்கவில்லை. தையல்கடை வைத்திருந்த அந்த அம்மாவுக்கு மார்பில் கட்டி இருந்தது. பழைய படம் இருந்திருந்தால், நான்கு வருடமாக அது அப்படியேதான் இருக்கிறது, விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன். இல்லாததால் அறுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. கட்டியில் ஒன்றுமில்லை. காயம் சீழ் பிடித்து, மூன்று மாதம் அவரால் கையைத் தூக்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் உன்னைப் பார்த்து, "உன் சோம்பேறித்தனத்துக்கு அந்தம்மா உடம்புல கத்தி வச்சோம்" என்றேன். நீ அடுத்த வாரம் கிளம்பிப் போனாய்.

பிளக்கைப் பிடுங்கினவள் நான்.

அந்தப் பதினொரு நாளுக்கு முன், வயதான ஒருவர் பெஞ்சில் வியர்த்து மயங்கப் பார்த்தார். என் அறையின் மேசை விசிறியை எடுத்து வந்து, கையில் கிடைத்த பிளக்கைப் பிடுங்கிவிட்டு இதைச் செருகினேன். அவர் எழுந்து போய்விட்டார், விசிறி அங்கேயே நின்றது. டிஸ்க் எரிந்த அன்று அந்த விசிறியைப் பார்த்ததும்தான் நான் பிடுங்கியது எந்தப் பிளக் என்று புரிந்தது. யாரும் பார்ப்பதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு போய் என் அறையில் வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் உன்னை அப்படிப் பேசினேன். வரிசை அதுதான்.

இன்னொரு பெயரும் இருக்கிறது. காலையில் ஆறு மணிக்கு வந்து பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாளே, எல்லோரும் ஆறுமணி அம்மா என்று கூப்பிடுவோமே, அவள். பிளக்கை யார் பிடுங்கியது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "நான் அந்தப் பக்கமே போறதில்ல டாக்டர்" என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று நான் ஒரு தடவைதான் சொன்னேன்.

நான்கு டிஸ்கும் இப்போதுகூட ஓடிக்கொண்டிருக்கின்றன. சத்தம் கேட்கிறது.

அக்கா

ஏப்ரல் 16

அக்காவுக்கு,

எனக்குத் தெரியும்.

டிஸ்க் எரிந்த அன்று உனக்கு முன்னால் அந்தச் சுவரைப் பார்த்தது நான்தான். விசிறியைப் பார்த்தேன். பின்பக்கம் பச்சைப் பெயின்ட் உரிந்த அந்த விசிறி யாருடையது என்று எனக்குத் தெரியாதா? சர்வரைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் விசிறி இல்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. உன்னைக் காப்பாற்ற என்று நினைத்துவிடாதே. பேக்கப் ஓடாவிட்டால் எனக்கு ஒரு மின்னஞ்சல் வரும்படி நானே அமைத்திருந்தேன். பதினொரு நாளும் வந்தது. பதினொன்றையும் நான் திறக்கவில்லை. விசிறியைப் பற்றி வாயெடுத்தால் பேச்சு வளர்ந்து அங்கே வந்து நிற்கும் என்று பயந்தேன். நீ திட்டியது பாதி உண்மை என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

ஆறுமணி அம்மா இரண்டு தடவை சொன்னதாக எழுதியிருக்கிறாய். மூன்று தடவை. மூன்றாவது தடவை என்னைப் பார்த்துச் சொன்னார். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

இனி டிஸ்க் விஷயத்தைச் சொல்கிறேன். நான்கு டிஸ்குக்கு ஒரே நேரத்தில் பிரதி எடுத்தால், சர்வரின் டிஸ்க் நான்கு இடத்துக்கு மாறி மாறி ஓடும். ஐந்தாவதாக நெட்டையர் ஒரு படம் கேட்டால் அதற்கு மூச்சு ஏது? மணிக்கொரு தரம் வேண்டாம். சென்டர் மூடிய பிறகு ஒரு தடவை, அன்று சேர்ந்த புதியதை மட்டும். இரண்டு டிஸ்க் போதும். ஒன்று அங்கே, ஒன்று உன் வீட்டில், வாரம் ஒருமுறை மாற்றிக்கொள். திங்கட்கிழமை தோறும் பிரதியிலிருந்து ஏதாவது ஒரு பழைய படத்தைத் திறந்து பார். இயந்திரத்தை நம்பு என்று நான் சொல்லமாட்டேன். நான்கு பிரதி வைத்திருந்தாயே, ஒன்றையாவது திறந்து பார்த்தாயா?

அந்த அம்மா இருக்கிற இடம் தெரியுமா?

தம்பி

ஏப்ரல் 27

தம்பிக்கு,

திறந்து பார்த்ததில்லை. உன் கடிதம் வந்த அன்றே பார்த்தேன். நான்கில் ஒன்று ஜூலையிலிருந்தே வெறும் பெயர்களைத்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. திறந்தால் உள்ளே படம் இல்லை.

நீ சொன்னபடி மாற்றியாகிவிட்டது. இப்போது நாள் முழுக்க ஆறேழு விநாடிதான். நெட்டையர் நோட்டை மூடிவிட்டார். ஐந்தாவது கணினிக்கும் கடைசி இரண்டு நாள் அவரே வந்து நேரம் குறித்தார். ஏன் இத்தனை நாள் கதவு பூட்டியிருந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வரவேற்பில் இருக்கிற பெண்ணிடம் முகவரி இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒரு சலவைக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. அங்கேதான் இஸ்திரி போடுகிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, என்ன என்பதுபோல் பார்த்தார். நின்றுகொண்டே சொன்னேன். விசிறியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ உன்னைப் பற்றி எழுதியதையும் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்.

முழுவதையும் கேட்டார். பிறகு, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார்.

வேலைக்குத் திரும்பி வாருங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். வேலை போன பிறகு ஆறு மாதம் எந்த அலுவலகத்திலும் வாசலுக்கு உள்ளே விடவில்லை என்றும், பொருளைத் தொடுகிறவள் என்று பெயர் வந்துவிட்டது என்றும், அதற்குப் பிறகுதான் இந்த இஸ்திரி வேலை கிடைத்தது என்றும் சொன்னார். குரல் உயரவே இல்லை. அது உயர்ந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

கிளம்பும்போது ஒன்று கேட்டார்.

"இங்க வந்து எங்கிட்ட சொல்லிட்டீங்க. எனக்குத்தான் தெரியுமே, டாக்டர். தெரியாதவங்க அங்கதான இருக்காங்க. அன்னைக்கு யார் யார் நின்னாங்களோ அவங்க முன்னாடி சொல்லுங்க. நான் வந்து நிக்கிறேன்."

மே எட்டாம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று நின்றவர்களில் நீயும் ஒருவன்.

அக்கா

மே 2

அக்காவுக்கு,

விடுப்பு கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஏறுகிறேன். வீட்டுக்கு வரமாட்டேன், நேராகச் சென்டருக்கு வந்துவிடுகிறேன். அந்த அம்மா வருவதற்கு முன் நான் அங்கே நிற்கவேண்டும்.

நீ எதைச் சொல்வாய் என்று எனக்கு எழுதாதே. நானும் எழுதவில்லை.

தம்பி

மே 13

அக்காவுக்கு,

துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தேன். அன்று நீ பேசி முடித்ததும், நான் என் பதினொரு மின்னஞ்சல்களைச் சொல்லி முடித்ததும், நோயாளிகள் வந்துவிட்டார்கள். நீ உள்ளே போகவேண்டியதாகிவிட்டது. ரயிலுக்குக் கிளம்பும்போதும் உன் அறையில் ஆட்கள் இருந்தார்கள், சொல்லிக்கொள்ள முடியவில்லை. நீ உள்ளே போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

நெட்டையர் முன்னால் வந்து அந்த அம்மாவிடம் ஏதோ சொல்லப் பார்த்தார். உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த அம்மா உட்காரவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினார். பேருந்து நிறுத்தம்வரை கூடவே நடந்தேன். வராதீர்கள் என்று அவர் சொல்லவில்லை.

பாதி வழியில் அவராகவே பேசினார். "உங்கக்கா மேல இருந்ததைவிட உங்க மேலதான் எனக்குக் கோபம் ஜாஸ்தி. அவங்க என்னைப் பார்த்துதான் வேணாம்னு சொன்னாங்க. நீங்க பார்க்கவே இல்ல."

ஆமாம் என்றேன். இப்போது கோபம் இருக்கிறதா என்று கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை. நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றோம். வெயில் ஏறிவிட்டது. பேருந்து தூரத்தில் தெரிந்தபோது, இப்போது அங்கே யார் பெருக்குகிறார்கள் என்று கேட்டார். புதிதாக ஒரு பெண் வருகிறாள் என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணுக்கு எந்த பிளக்கைத் தொடக்கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா? எனக்கு ஒருத்தரும் சொல்லல. ஏழு வருஷம் நானாத்தான் தொடாம இருந்தேன்."

அதற்குள் பேருந்து வந்துவிட்டது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி நகரும்போது என்னைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை, நானாக ஓர் அர்த்தம் வைத்துக்கொள்ளவும் விரும்பவில்லை.

இந்த உறைக்குள் ஓர் அட்டை இருக்கிறது. இந்தப் பிளக்கைத் தொடக்கூடாது என்று, துறைமுக அலுவலகத்தில் நல்ல தடிமனான எழுத்தில் அச்சடித்தேன். பேக்கப் டிஸ்க் செருகியிருக்கிற சுவரில், அந்தப் பெண்ணின் கண்ணுக்கு நேரே வரும் உயரத்தில் ஒட்டு. ஒட்டுவதற்கு முன் அவளை அழைத்து, என்ன எழுதியிருக்கிறது என்றும் ஏன் என்றும் நீயே வாய்விட்டுச் சொல்.

தம்பி